நேரம் குடியிருக்கும் இடம்: அம்பாசடர் ஹெட்டும் மாருதி 800 ஹெட்டும்

லேத் பட்டறையிலிருந்து வந்த இரண்டு சிலிண்டர் ஹெட்டுகளைப் போர்ட்டிகோவில் சாக்கு விரித்து அருகருகே வைத்தால், இரண்டும் ஒரே வேலைக்கானவை என்று நம்புவது சற்றுக் கடினம். அம்பாசடரின் ஹெட் வார்ப்பிரும்பு. தூக்க இன்னொருவர் வேண்டும். மாருதி 800-இன் ஹெட் அலுமினியம். இடுப்பில் அணைத்துக்கொண்டே கேட்டைத் திறந்துவிடலாம். முன்னதன் மேற்புறத்தில் எட்டு வால்வு ஸ்பிரிங்குகளைத் தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லை. பின்னதன் மேற்புறத்தில் கேம் ஷாஃப்ட், இரண்டு ராக்கர் ஷாஃப்டுகள், ஆறு ராக்கர்கள் என்று ஒரு சிறிய குடும்பமே இருக்கிறது.

எல்லையை முதலில் வரைந்துகொள்வோம். அம்பாசடர் என்று இங்கே சொல்வது 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினை, அதாவது 1950-களில் இங்கிலாந்தின் பி.எம்.சி. நிறுவனம் உருவாக்கிய 'பி சீரிஸ்' எஞ்சினை. பிற்காலத்து இசுஸு எஞ்சினை அல்ல. மாருதி என்று சொல்வது மூன்று சிலிண்டர், 796 சி.சி., கார்புரேட்டர் வைத்த சுஸுகி 'எஃப் 8 பி' எஞ்சினை. பின்னர் வந்த எம்.பி.எஃப்.ஐ. வகையை அல்ல. ஒன்று நீள்வாட்டில் படுத்திருப்பது, மற்றொன்று குறுக்குவாட்டில் நிற்பது. ஒன்று உத்தர்பாராவில் தயாரானது, மற்றொன்று குர்காவுனில். இவ்வளவு தள்ளிப் பிறந்த இரண்டு கார்களின் உற்பத்தியும் ஒரே ஆண்டில் முடிந்தது: 2014 ஜனவரியில் மாருதி 800, அதே ஆண்டு மே மாதத்தில் அம்பாசடர்.

வீட்டில் வைத்துத் திரும்பக் கோக்க இந்த இரண்டில் எது எளிது? அம்பாசடர் பழைய முரட்டு வண்டி, மாருதி பொம்மை மாதிரிச் சிறியது, ஆகவே மாருதிதான் என்பது பொதுவான ஊகம். கைகள் நோவதை மட்டும் கணக்கில் எடுத்தால் அந்த ஊகம் சரி. ஆனால் கோப்பதில் எங்கே தவறு நேரலாம், நேர்ந்தால் என்ன விலை என்று பார்த்தால் கணக்கு தலைகீழாகிறது. முரட்டு வண்டி மன்னிக்கிறது. பொம்மை வண்டி மன்னிப்பதில்லை. காரணத்தை இரும்புக்கும் அலுமினியத்துக்கும் உள்ள வேறுபாட்டில் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். மறுபாதி, ஒவ்வொரு எஞ்சினும் தன் நேரக் கணக்கை எங்கே வைத்திருக்கிறது என்பதில் இருக்கிறது.

அம்பாசடரில் கேம் ஷாஃப்ட் பிளாக்குக்குள் இருக்கிறது. கிராங்கிலிருந்து செயின் வழியாக அது சுற்றுகிறது. டிஸ்ட்ரிபியூட்டரும் பிளாக்கின் பக்கவாட்டில்தான், அதே கேம் ஷாஃப்டின் தயவில். ஹெட்டைக் கழற்றினாலும் செயின் அசைவதில்லை, டிஸ்ட்ரிபியூட்டர் அசைவதில்லை. ஹெட் ஒரு மாதம் லேத்தில் கிடந்தாலும் எந்த வால்வு எப்போது திறக்க வேண்டும், எந்தப் பிளக்கில் எப்போது பொறி விழ வேண்டும் என்ற முழுக் கணக்கும் காரோடு வீட்டில்தான் நிற்கிறது. லேத்துக்குப் போய்வந்தது வால்வு பொருத்திய ஒரு கனத்த மூடி, அவ்வளவுதான்.

மாருதியில் கேம் ஷாஃப்ட் ஹெட்டுக்குள் ஓடுகிறது. கிராங்கையும் கேமையும் இணைப்பது பல் வைத்த ரப்பர் பெல்ட். டிஸ்ட்ரிபியூட்டரும் ஹெட்டின் ஒரு முனையில் உட்கார்ந்து கேமிலிருந்தே சுழற்சியைப் பெறுகிறது. ஆகவே ஹெட்டைக் கழற்றும் கணத்தில் வால்வு நேரம், பொறி நேரம் இரண்டும் சேர்ந்தே பிரிந்துபோகின்றன. லேத்துக்குப் போனது மூடியல்ல, எஞ்சினின் நேரக் கணக்கில் பாதி. திரும்ப வைக்கும்போது அதை மறுபாதியோடு பல்லுக்குப் பல் சேர்க்க வேண்டும்.

இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து மற்றவை வரிசையாகக் கிளைக்கின்றன. ஹெட்டைத் தரையில் வைப்பதையே பார்க்கலாம். அம்பாசடர் ஹெட்டில் ராக்கர் இல்லாததால் எல்லா வால்வுகளும் மூடியே இருக்கும். எரிஅறைக்குள் அவை அடங்கிக் கிடப்பதால் சுத்தமான பலகையில் கவிழ்த்து வைத்தாலும் கேடில்லை. மாருதி ஹெட்டில் கேமும் ராக்கரும் பொருத்தியாகிவிட்டால் எப்போதும் ஏதோ ஒரு வால்வு திறந்தபடி நீட்டிக்கொண்டிருக்கும். அதைத் தட்டையாகக் கவிழ்த்தால் ஹெட்டின் எடை முழுவதும் அந்த வால்வின் தண்டில் இறங்கும். இரு முனைகளிலும் மரக்கட்டை கொடுத்துத் தூக்கியே வைக்க வேண்டும்.

பிளாக்கின் மேல் இறக்கும்போதும் அதே கதை. அம்பாசடரில் பிஸ்டன்கள் எந்த உயரத்தில் நின்றாலும் கவலையில்லை, இடிப்பதற்கு எந்த வால்வும் வெளியே நீட்டிக்கொண்டு இல்லை. மாருதியில் எந்தப் பிஸ்டனும் உச்சியில் நிற்காதபடி கிராங்கைச் சற்றுத் திருப்பி வைத்துவிட்டுத்தான் ஹெட்டை இறக்குவது முறை. அல்லது டாப்பெட் திருகுகளை முழுக்கத் தளர்த்திவிட வேண்டும். நிதானமுள்ளவர் இரண்டையும் செய்வார்.

ஆனால் இறக்கும் வேலையில் உடம்புக்கு எது சுலபம் என்றால் பதில் மாறுகிறது. அம்பாசடரின் பிளாக்கில் 11 ஸ்டட்கள் நிமிர்ந்து நிற்கின்றன. கனத்த ஹெட்டை அந்தப் பதினொன்றின் மேலும் ஒரே மட்டத்தில் பிடித்து, கோணாமல் இறக்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் ஸ்டட்டில் கவ்விக்கொண்டு பாதி வழியில் நின்றுவிடும். இரண்டு பேர், எதிரெதிர் மட்கார்டு ஓரமாக நின்று, ஒரே பேச்சில் இறக்குவது நல்லது. மாருதியில் ஸ்டட் இல்லை. 8 போல்ட்டுகள் மேலிருந்து இறங்கி பிளாக்கில் மரை ஏறுகின்றன. ஹெட்டின் இடத்தைச் சிறு குழாய் முளைகள் காட்டிக்கொடுக்கும், ஒருவரே வைத்துவிடலாம்.

ஸ்டட் தரும் வசதி ஒன்றைச் சொல்லாமல் விட்டால் ஒப்பீடு ஒருபக்கமாகிவிடும். ஸ்டட்டின் வேர் ஏற்கெனவே பிளாக்கில் இருக்கிறது. மேலே நட்டை மட்டும் இறுக்குகிறோம். போல்ட்டுக்கோ பிளாக்கின் துளை முழுவதும் காலியாக இருந்தாக வேண்டும். ஹெட்டைக் கழற்றியபோது சிந்திய தண்ணீரும் எண்ணெயும் அந்தத் துளைகளின் அடியில் தேங்கியிருக்கும். துடைக்காமல் போல்ட்டைச் செலுத்தினால், நசுங்க மறுக்கும் அந்தத் திரவம் இறுக்கத்தைப் பொய்யாகக் காட்டும். மிஞ்சினால் பிளாக்கையே பிளக்கும். காற்றடித்தோ, குச்சியில் துணி சுற்றியோ ஒவ்வொரு துளையையும் உலர்த்துவது அரைமணி நேர வேலை. மாருதியின் சிறுமை மிச்சப்படுத்திய நேரத்தை இது திரும்ப வாங்கிக்கொள்கிறது.

கேஸ்கட்டில் இருவரும் சற்று நெருங்கி வருகிறார்கள். இரண்டிலும் ஒரு மெல்லிய தகடுதான் எரிவாயு, தண்ணீர், எண்ணெய் மூன்றையும் பிரித்து வைக்கிறது. இரண்டிலும் பழைய கேஸ்கட்டின் மிச்சத்தைச் சுரண்டி எடுத்த பிறகுதான் புதியதை வைக்க முடியும். அம்பாசடரின் இரும்பில் சுரண்டுகோலை அழுத்தி இழுக்கலாம். மாருதியின் அலுமினியத்தில் அதே அழுத்தம் ஒரு கீறலை விட்டுச்செல்லும், அந்தக் கீறல் நாளைய கசிவு. அம்பாசடரின் செப்புத் தகடு கேஸ்கட்டில் மேல்புறம் எது, முன்புறம் எது என்று அச்சடித்திருப்பார்கள். அந்த அச்சை நம்புவதோடு நிற்காமல், இரண்டு கார்களிலும் கேஸ்கட்டை ஒருமுறை பிளாக்கின் மேலும் ஒருமுறை ஹெட்டின் அடியிலும் வைத்து, ஒவ்வொரு தண்ணீர்த் துளையும் எண்ணெய்த் துளையும் திறந்திருக்கின்றனவா என்று கண்ணால் பார்ப்பது நல்ல பழக்கம். பெட்டியின் மேல் எழுதியிருக்கும் பெயரைவிடத் துளைகள் உண்மையானவை.

இறுக்கும் வரிசையில் ஒற்றுமை முழுமையானது. இரண்டிலும் நடுவில் தொடங்கி, மாறி மாறி வெளிப்புறம் நகர வேண்டும். இரண்டிலும் ஒரே மூச்சில் அல்ல, இரண்டு மூன்று தவணைகளில். ஓரத்தை முதலில் இறுக்கினால் நடுவில் மாட்டிக்கொண்ட புடைப்பு வெளியேற வழியில்லாமல் போகும் என்ற காரணமும் ஒன்றே. இங்கே கை அளவை நம்பும் மெக்கானிக்குகள் உண்டு. பல ஆண்டு அனுபவத்தில் அவர்கள் கை உண்மையிலேயே ஒரு கருவிதான். வீட்டில் எப்போதோ ஒருமுறை செய்பவருக்கு அந்தக் கை இருக்காது. டார்க் ரெஞ்ச் ஒன்றை வாங்கவோ இரவல் பெறவோ வேண்டும். இரும்பு ஹெட் கொஞ்சம் கூடக்குறைய இறுக்கினாலும் தாங்கும், அலுமினியம் தாங்காது என்பதால் இந்த அறிவுரை மாருதிக்கு இரட்டிப்பாகப் பொருந்தும்.

அலுமினியம் தாங்காததற்குக் காரணம் மென்மை மட்டுமல்ல. மாருதியின் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். சூடேறும்போது அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஹெட்டின் நீளம் 300 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டு 70 டிகிரி சூடேற்றினால், ஹெட் தன் கீழே இருக்கும் பிளாக்கைவிடச் சுமார் கால் மில்லிமீட்டர் கூடுதலாக நீள முயலும். ஒவ்வொரு முறை வண்டியை எடுத்து நிறுத்தும்போதும் அது கேஸ்கட்டின் மேல் இப்படி நகர்ந்து திரும்புகிறது. அம்பாசடரில் இரும்பின் மேல் இரும்பு. இரண்டும் சேர்ந்தே விரிந்து சேர்ந்தே சுருங்குகின்றன. அதன் கேஸ்கட்டுக்கு இழுபறி இல்லை, அழுத்தம் மட்டுமே.

லேத்தில் ஃபேசிங் செய்து வந்த பிறகு இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. ஹெட்டின் அடிப்பரப்பில் ஒரு நேர்விளிம்பை வைத்து, நீளவாட்டிலும் குறுக்கிலும் மூலைக்கு மூலையும் ஃபீலர் கேஜ் நுழைத்துப் பார்ப்பது இரண்டுக்கும் பொது, 0.05 மில்லிமீட்டர் தகடு எங்காவது நுழைந்தால் வேலை முடியவில்லை என்று பொருள். அம்பாசடர் ஹெட் இந்தச் சோதனையில் தேறினால் விவகாரம் அத்தோடு முடிந்தது. மாருதி ஹெட்டுக்கு இது பாதித் தேர்வுதான். வெப்பத்தில் அடிப்பரப்பு வளைந்தபோது, மேலே கேம் ஷாஃப்ட் ஓடும் துளைகளும் சேர்ந்து வளைந்திருக்கும். அடியைச் சீவி மட்டமாக்குவதால் மேலே உள்ள வளைவு நிமிர்வதில்லை. ராக்கர்களைப் பொருத்துவதற்கு முன் கேம் ஷாஃப்டை எண்ணெய் தடவித் தனியாக நுழைத்து விரலால் சுற்றிப் பார்க்க வேண்டும். வழுக்கிக்கொண்டு சுற்றினால் நல்லது. ஓரிடத்தில் கனத்தால், அந்த ஹெட்டை எவ்வளவு அழகாகச் சீவியிருந்தாலும் அது திரும்பவும் லேத்துக்குப் போக வேண்டியதுதான். ஃபேசிங் போட்டாகிவிட்டது என்ற சொல்லைக் கேட்டு நிம்மதியடையும் உரிமை அம்பாசடர்காரருக்கு மட்டும் உண்டு என்பேன்.

சீவியதன் விளைவும் இருவருக்கும் வேறு. இரண்டிலும் எரிஅறை சற்றுச் சிறுத்து அமுக்க விகிதம் ஏறும், அது பொது. அம்பாசடரில் ஹெட் கீழிறங்கியதால் புஷ்ராடுகள் ஒப்பீட்டில் சற்று நீண்டவையாகிவிடும், டாப்பெட் திருகைச் சிறிது தளர்த்தினால் அது சரியாகிவிடும். மாருதியில் கேமுக்கும் கிராங்குக்கும் உள்ள தூரமே குறைந்துவிட்டது. தொய்வை டென்ஷனர் வாங்கிக்கொள்ளும். ஆனால் இறுக்கமாக ஓடும் பக்கத்துப் பெல்ட் சுருங்கிய தூரத்துக்கேற்ப, கேம் கண்ணுக்குத் தெரியாத அளவு பின்தங்கியே சுற்றும். ஒருமுறை சீவியதற்கு இது பொருட்டல்ல. மூன்றாவது முறை சீவச் சொல்பவரிடம் யோசித்துப் பேச வேண்டும்.

இனி இந்த ஒப்பீட்டில் நான் மிகவும் ரசிக்கும் உறவு, வால்வு சீட்டில் இருப்பது. அம்பாசடர் ஹெட்டில் வால்வு உட்காரும் சீட்டை நேரடியாக இரும்பிலேயே கடைந்திருந்தார்கள். பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் அந்தச் சீட்டின் மேல் ஒரு படலமாகப் படிந்து, வால்வின் அடியைத் தாங்க உதவியது. அலுமினியத்தில் அப்படிக் கடைய வழியே இல்லை, வால்வு அடித்து அடித்துக் குழியாக்கிவிடும். எனவே மாருதி ஹெட்டில் தொடக்கத்திலிருந்தே கடினமான வளையங்களை அழுத்திப் பொருத்தியிருந்தார்கள். 2000 பிப்ரவரி 1 முதல் இந்தியா முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோல் மட்டுமே என்றானது. அதன் பிறகு சீட் உள்வாங்கிப்போன அம்பாசடர் ஹெட்டுகள் லேத்துக்கு வந்தபோது, பழைய இரும்பைக் கடைந்தெடுத்துவிட்டுக் கடின வளையம் பொருத்துவதே நிலையான மருந்தாயிற்று. மாருதி தன் உலோகத்தின் பலவீனத்தால் பிறவியிலேயே பெற்றிருந்ததை, அம்பாசடர் தன் உலோகத்தின் பலத்தை நம்பியிருந்துவிட்டு முதுமையில் பெற்றுக்கொண்டது. இன்று பழுதுபார்த்து வந்த இரண்டு ஹெட்டுகளையும் திருப்பிப் பார்த்தால், இரும்பிலும் அலுமினியத்திலும் ஒரே மாதிரி வளையங்கள் மின்னக்கூடும். அரைப்புப் பசை போட்டு வால்வைச் சீட்டோடு தேய்ப்பதும், பிறகு துவாரங்களில் மண்ணெண்ணெய் ஊற்றி எரிஅறைப் பக்கம் கசிகிறதா என்று பார்ப்பதும் இரண்டுக்கும் ஒன்றே.

மேற்புற வேலைக்கு வருவோம். அம்பாசடரில் எட்டு புஷ்ராடுகள். ஒவ்வொன்றும் எந்தத் துளையிலிருந்து வந்ததோ அங்கேயே திரும்ப வேண்டும். அட்டைப் பெட்டியில் எட்டு ஓட்டை போட்டு வரிசையாகக் குத்தி வைப்பது எல்லோரும் அறிந்த உபாயம். அடி நுனியை எண்ணெயில் தோய்த்து இறக்கி, கீழே டாப்பெட்டின் குழியில் உட்கார்ந்ததா என்று விரலால் உணர வேண்டும். அதன்பின் ராக்கர் ஷாஃப்ட். இங்கே ஒரு விசித்திரம்: ராக்கர் தாங்கிகள் நான்கையும் பிடித்துக்கொள்வதில் ஹெட்டின் 11 நட்டுகளில் நான்குக்கும் பங்கு உண்டு. ஹெட் தனி, ராக்கர் தனி என்று பிரித்து வேலை செய்ய முடியாது. ராக்கரை வைத்த பிறகே ஹெட்டை முழுமையாக இறுக்க முடியும். அந்த நட்டுகள் இறங்கும்போதே கேம் மேட்டில் நிற்கும் புஷ்ராடுகள் சில வால்வுகளை அமுக்கத் தொடங்கும். டாப்பெட் திருகுகளை முன்கூட்டித் தளர்த்தாவிட்டால் ஏதாவது ஒரு புஷ்ராடு வளையும்.

மாருதியில் புஷ்ராடு என்ற பேச்சே இல்லை. கேம் நேராக ராக்கரைத் தொடுகிறது. இந்தக் கோப்பு முழுவதையும் மேசை மேல், நல்ல வெளிச்சத்தில், உட்கார்ந்தபடி செய்து முடித்துவிட்டு ஹெட்டைக் காருக்கு எடுத்துச்செல்லலாம். அம்பாசடரில் நுணுக்கம் முழுவதும் பானெட்டுக்கு அடியில் குனிந்து செய்வது. மாருதியின் கடினம் அடுத்த கட்டத்தில் காத்திருக்கிறது: காரின் பக்கச் சுவருக்கும் எஞ்சினுக்கும் நடுவே, ஒரு கை மட்டும் நுழையும் சந்தில், பெல்ட் மாட்டுவது.

கேம் புல்லியில் ஒரு குறி, அதற்கு நேராகப் பின்மூடியில் ஒரு குறி. கிராங்க் புல்லியில் ஒரு புள்ளி, அதற்கு நேராக ஒரு அம்பு. இரண்டையும் பொருத்தி, இறுக்கமாக ஓடும் பக்கத்தில் தொய்வு இல்லாமல் பெல்ட்டை ஏற்றி, டென்ஷனரின் ஸ்பிரிங் இழுக்கும்படி விட்டு, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி மறுபடி குறிகளைப் பார்க்க வேண்டும். ஏன் இரண்டு சுற்று? கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று சுற்றும். அப்போதுதான் நான்கு குறிகளும் திரும்ப ஒன்றையொன்று பார்க்கும். ஒரு பல் தள்ளியிருந்தால் அப்போதே தெரிந்துவிடும். தெரிந்தால் கழற்றி மாட்டுவது சிறிய வேலை; பார்க்காமல் ஸ்டார்ட் செய்தால் என்ன ஆகும் என்பதைச் சோதித்துப் பார்க்காமல் இருப்பதே நலம். டிஸ்ட்ரிபியூட்டரையும் பிறகு அதே கவனத்தோடு நுழைக்க வேண்டும். அதன் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டவை, உள்ளே இறங்க இறங்க ரோட்டர் தானாகத் திரும்பும். கழற்றும் முன் ரோட்டர் காட்டிய திசையைக் குறித்து வைத்தவர் புண்ணியவான். அம்பாசடரில் இந்த ஒரு பத்தி முழுவதற்கும் ஈடாக வேலையே இல்லை.

டாப்பெட் இடைவெளி வைக்கும் இடத்தில் உறவு மறுபடி துளிர்க்கிறது. புஷ்ராடு எஞ்சினும் ஓவர்ஹெட் கேம் எஞ்சினும் ஒரே உத்தியில் முடிகின்றன: ராக்கரின் நுனியில் ஒரு திருகு, ஒரு பூட்டு நட்டு, நடுவில் நுழைத்து இழுக்கும் ஃபீலர் கேஜ். வெண்ணெயில் கத்தி இழுப்பது போன்ற அந்த மெல்லிய தடை இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் எந்த வால்வை எப்போது வைப்பது என்ற கணக்கில் இரண்டும் இரு வேறு கணிதங்கள்.

அம்பாசடருக்கு ஒன்பதின் கணக்கு. எட்டு வால்வுகளையும் முன்னிருந்து எண்ணிக்கொள்ளுங்கள். எட்டாவது முழுக்கத் திறந்திருக்கும்போது முதலாவதை வைக்கலாம், ஏழாவது திறந்திருந்தால் இரண்டாவதை, ஆறாவதுக்கு மூன்றாவது. திறந்திருப்பதையும் வைக்க வேண்டியதையும் கூட்டினால் எப்போதும் 9. இது மந்திரமல்ல. எரியும் வரிசை 1-3-4-2. ஒன்றும் நான்கும் ஜோடி, இரண்டும் மூன்றும் ஜோடி, ஜோடிப் பிஸ்டன்கள் ஒன்றாகவே ஏறி இறங்குகின்றன. வால்வுகளும் நடுவிலிருந்து இருபுறமும் கண்ணாடிப் பிம்பம்போல எக்ஸாஸ்ட், இன்லெட், இன்லெட், எக்ஸாஸ்ட் என்று அடுக்கப்பட்டவை. இந்த இரட்டைச் சமச்சீர்தான் ஒன்பதாக வெளிப்படுகிறது.

மாருதியின் மூன்று பிஸ்டன்களில் எதற்கும் ஜோடி இல்லை. ஒன்று உச்சியில் இருக்கும்போது மற்ற இரண்டும் ஆளுக்கொரு உயரத்தில். எனவே கூட்டல் கணக்கு இங்கே எடுபடாது. ஆனால் வேறொரு சலுகை உண்டு. முதல் சிலிண்டர் எரியும் உச்சியில் நிற்கும்போது அதன் இரண்டு வால்வுகளோடு, இரண்டாவதன் இன்லெட்டையும் மூன்றாவதன் எக்ஸாஸ்டையும் வைத்துவிடலாம். கிராங்கை ஒரு முழுச் சுற்று சுற்றினால் மிஞ்சிய இரண்டையும் முடிக்கலாம். எரியும் வரிசை 1-3-2 என்பதிலிருந்து இதைத் தாளில் வரைந்தே கண்டுபிடிக்க முடியும். சமச்சீர் இல்லாத எஞ்சின் இரண்டே நிறுத்தங்களில் முடிவதும், சமச்சீரானதில் ஒன்பதின் கணக்கைப் பிடித்தவர் ஒவ்வொரு வால்வுக்கும் எஞ்சினைத் திருப்பிக்கொண்டே இருப்பதும் எனக்கு எப்போதும் வேடிக்கையாகப் படுவதுண்டு.

திருப்புவதைச் சொன்னதால் கருவிகளையும் ஒரு வரியில் முடித்துவிடலாம். அம்பாசடருக்கு முன்புறம் நுழைக்கும் ஹேண்டில் உண்டு. மாருதிக்குக் கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டுச் சுற்ற வேண்டும். அம்பாசடருக்கு அங்குல ஸ்பேனர், மாருதிக்கு மில்லிமீட்டர். 9/16 அங்குலம் என்பது 14.29 மில்லிமீட்டர், 14 உள்ளே போகாது, 15 நட்டின் முனையை உருட்டிவிடும். இரண்டு கார்களும் உள்ள வீட்டில் இரண்டு கருவிப்பெட்டிகள் இருப்பது ஆடம்பரமல்ல.

ஹெட் ஏன் கெட்டது என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பது இருவருக்கும் பொது விதி. சந்தேகப்பட வேண்டிய இடம்தான் வேறு. அம்பாசடரின் மின்விசிறி எஞ்சினோடு பெல்ட்டில் சுற்றுகிறது. எஞ்சின் ஓடினால் அதுவும் ஓடும். அங்கே பெரும்பாலும் குற்றவாளி, பல ஆண்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் படிய வைத்த உப்பால் அடைத்துப்போன ரேடியேட்டர். எரிஅறைகளில் நடு இரண்டின் எக்ஸாஸ்ட் வால்வுகள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் அந்த நடுப்பகுதிக்கு வெப்பம் அதிகம். தண்ணீர் ஓட்டம் குறைந்தால் முதலில் அங்கேதான் தெரியும். மாருதியின் விசிறி மின்சாரத்தில் ஓடுவது. வெப்பத்தை உணர்ந்து அதை இயக்கும் சுவிட்ச் செத்துப்போனால், ஓடும் வரை ஒன்றும் தெரியாது, சிக்னலில் நிற்கும்போது முள் ஏறும். ஹெட்டைப் புதுப்பித்துவிட்டு அந்தச் சுவிட்சை விட்டுவைப்பவர், கேஸ்கட் கடைக்கு இன்னொரு முறை போகத் தயாராக இருக்க வேண்டும்.

முதல் ஸ்டார்ட். 800 ஆர்.பி.எம். ஐடிலில் அம்பாசடரில் நிமிடத்துக்கு 1600 முறை எரிகிறது, மாருதியில் 1200 முறை. மாருதி சற்றே உதறுவது பழுதல்ல, அதன் பிறவிக் குணம். அம்பாசடர் அதே அளவு உதறினால் அது பழுதுதான். ஒரு சிலிண்டர் எரியாவிட்டால் அம்பாசடர் காற்பங்கு பலத்தை இழக்கும், முனகிக்கொண்டே ஓடும். மாருதி மூன்றில் ஒரு பங்கை இழக்கும், மறைக்க அதற்கு வழியில்லை. புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு நான் அம்பாசடரைத்தான் சொல்வேன், முதுகு இடம்கொடுத்தால். அதன் தவறுகள் பெரும்பாலும் திருத்தக்கூடியவை, ராக்கர் மூடியைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவை. மாருதி, குறித்து வைத்துக்கொண்டு வேலை செய்யும் சுபாவம் உள்ளவருக்கு.

முடிவதிலும் இரண்டும் ஒன்றல்ல. அம்பாசடரின் செப்பு கேஸ்கட் சூட்டில் அமர்ந்து கொஞ்சம் மெலியும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு 11 நட்டுகளையும் அதே வரிசையில் மறுபடி இறுக்க வேண்டும். அவற்றில் நான்கு ராக்கர் தாங்கிகளையும் பிடித்திருப்பதால், இறுக்கியதும் டாப்பெட் இடைவெளி மாறியிருக்கும். எட்டையும் ஒன்பதின் கணக்கில் திரும்ப வைக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றி, டாப்பெட்டை வைத்துவிட்டு நட்டை இறுக்குபவர் இரண்டு முறை வேலை செய்வார். மாருதியில் அடுத்து யார் மூடியைத் திறப்பதும் பெல்ட்டுக்காகத்தான். டைமிங் மூடியின் கடைசி போல்ட்டை இறுக்கும் முன், ஓடோமீட்டரில் உள்ள கிலோமீட்டரை அந்த மூடியின் மேல் பெயின்ட் பேனாவால் எழுதிவிடுங்கள்.